கேலரி வீட்டுக்குள் வந்துவிட்டால்: ரக்பி வீரர்களின் மனநலமும் இணைய வசவும்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிவிட்டால் பக்கத்து டீக்கடையில் எப்படியும் பத்து நிமிடம் நின்றாக வேண்டும். ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் சீசனிலேயே, 2025-ல், சென்னை புல்ஸ் அணி கோப்பையை வென்றதிலிருந்து எங்கள் பக்கத்துப் பையன்களின் கைபேசிகளிலும் ரக்பி காட்சிகள் ஓடத் தொடங்கியிருக்கின்றன. அப்படி ஒருவன், இணையத்தில் வந்த வசவுகளால் மனம் நொந்து ஒதுங்கிய வீரர்களைப் பற்றிய ஒரு காணொளியைக் காட்டினான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா இது, நூறு கிலோ ஒடம்பு, எதிர்ல மாடு வந்தாலும் மோதுறான். போன்ல எவனோ திட்டுனதுக்கா ஒக்காந்து அழுவான்?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கேட் திறந்துவிட்டது.

அந்தப் பெரியவர் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. பெரும்பாலானோர் இந்த விஷயத்தை இப்படித்தான் புரிந்து வைத்திருக்கிறோம். உடம்பு வலுவாக இருந்தால் மனமும் இரும்பாக இருக்கும், பணம் வாங்குகிறவர் பேச்சையும் வாங்கிக்கொள்ள வேண்டும், பிடிக்கவில்லையென்றால் போனை அணைத்துவிடலாம் என்ற மூன்று நினைப்புகளும் தவறு. ஏன் தவறு என்பதை, மருத்துவமோ ரக்பியோ அறியாதவருக்கும் விளங்கும்படி எழுதிப் பார்க்கிறேன்.

ரக்பி, சுருக்கமாக

ரக்பியின் முக்கிய வடிவமான ரக்பி யூனியன் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு 15 பேர். ஆட்ட நேரம் 80 நிமிடம். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். ஆனால் கையால் எறிவதென்றால் பின்பக்கமாகத்தான் எறிய வேண்டும். பந்து வைத்திருப்பவரை எதிரணியினர் பிடித்துக் கீழே சாய்ப்பார்கள். கபடிப் பிடியை ஒரு முழுக் கால்பந்து மைதானத்தில், முழு வேகத்தில் ஓடிவரும்போது போட்டால் எப்படியிருக்குமோ அப்படி. முன்வரிசையில் நிற்பவர்களில் பலர் 110 கிலோவுக்கு மேல் எடை கொண்டவர்கள்.

ஆனாலும் இந்த மோதல் ஆட்டத்தில் ஒருவர் தன்னந்தனியாக நிற்கும் தருணமும் உண்டு. எதிரணி விதி மீறியதற்காகப் பெனால்டி உதை கிடைத்தால், உதைப்பவர் பந்தைத் தரையில் நிறுத்தி, கோல் கம்பங்களைப் பார்த்து, மூச்சை இழுத்து, அவற்றுக்கு நடுவே போகும்படி உதைக்க வேண்டும். அதற்கு அவருக்கு 60 விநாடிதான். 2023 அக்டோபர் 7-ஆம் தேதி உலகக் கோப்பையில் சமோவாவுக்கு எதிராக ஆடிய இங்கிலாந்து அணித் தலைவர் ஓவன் ஃபாரெல், அந்த ஆட்டத்தில்தான் தன் நாட்டுக்காக மிக அதிகப் புள்ளி எடுத்தவர் என்ற சாதனையைப் படைத்தார். அதே ஆட்டத்தில், உதைக்கும் முன் கடிகாரம் ஓடி முடிந்துவிட்டதால் ஒரு வாய்ப்பையும் இழந்தார். இத்தனை வருட உழைப்பில் சேர்ந்த சாதனையும், சில விநாடிகளில் நேர்ந்த தவறும் ஒரே மாலையில் நிகழ்ந்தன. ஆட்டம் முடிந்த பிறகு கைபேசிகளில் எது அதிகம் சுற்றியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

இன்னொரு தகவலையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1995 ஆகஸ்ட் வரை ரக்பி யூனியன் ஆடுகிறவர் அதற்காகச் சம்பளம் வாங்க விதிகள் இடம் தரவில்லை. ஆசிரியராக, காவலராக, விவசாயியாக இருந்தவர்கள் வேலை நேரம் போக ஆடினார்கள். அதன் பிறகுதான் அது தொழில்முறை ஆட்டமானது; அதாவது ஆடுவதே பிழைப்பு என்றானது. இது பின்னால் தேவைப்படும்.

மனநலம் என்பது எது

நம் பேச்சில் "மென்டல்" என்பதே ஒரு வசவு. அதனால் மனநலம் என்றாலே கீழ்ப்பாக்கம் மருத்துவமனை வாசல்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பொருள் மிக எளிமையானது: வாழ்க்கை தரும் அழுத்தங்களைச் சமாளித்து, கற்று, வேலை செய்து, தன்னைச் சுற்றியுள்ளவர்களுக்கும் பயன்பட முடிகிற நிலையே மனநலம்.

காசிமேட்டில் வலை பின்னுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். கடலுக்குப் போய்வந்த வலையில் கிழிசல் இல்லாமல் இருக்காது. பாறையில் மாட்டும், பெரிய மீன் அறுக்கும், படகு இழுக்கும். அந்தக் கிழிசலைப் பார்த்து வலை மட்டமானது என்று எந்த மீனவரும் சொல்லமாட்டார். கரைக்கு வந்ததும் விரித்துப் போட்டு, ஊசியெடுத்துக் கண்ணிக்குக் கண்ணி முடிந்துவிட்டுத்தான் மறுபடி ஏற்றுவார். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளையும் கரையேற்றிப் பழுது பார்க்கிறார்கள். கிழிவதும் தைப்பதும் மாறி மாறி நடக்கும் வரை வலை உழைக்கும். தைக்க நேரமே தராமல் திரும்பத் திரும்பக் கடலில் இறக்கினால் எவ்வளவு உறுதியான நூலும் நைந்துவிடும். மனமும் அப்படித்தான். அழுத்தமே படாத மனம் என்று ஒன்று கிடையாது. பட்ட அழுத்தத்திலிருந்து மீள அதற்கு இடைவெளி கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்த மீட்சி நெடுநாள் தடைபட்டால் அது நோயாகலாம். மனச்சோர்வு நோய் என்று மருத்துவர்கள் சொல்வது ஒருநாள் வருத்தத்தை அல்ல. இரண்டு வாரம் அல்லது அதற்கு மேலும், நாளின் பெரும்பகுதி மனம் தாழ்ந்து கிடப்பதும், பிடித்த காரியத்தில் கூட நாட்டம் அற்றுப் போவதும் அதன் முக்கிய அடையாளங்கள். 1987-ல் முதல் ரக்பி உலகக் கோப்பையை வென்ற நியூசிலாந்து அணியின் ஜான் கிர்வன், தனக்கு இந்த நோய் இருந்ததைப் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். அந்நாட்டின் மனச்சோர்வு விழிப்புணர்வுப் பிரசாரத்தின் முகமாகவே ஆனார். 2012-ல் மனநலத்துக்கும் ரக்பிக்கும் ஆற்றிய பணிக்காக அவருக்கு சர் பட்டம் வழங்கப்பட்டது. அவர் ஆடிய காலத்தில் யார் கையிலும் இன்றைய கைபேசி இல்லை. எனவே வீரர்களின் மனத்துன்பம் இணையத்தால் பிறந்தது என்று சொல்ல முடியாது. முன்பே இருந்த சுமையின் மேல் இணையம் என்ன ஏற்றுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

விமர்சனம், வசவு, மிரட்டல்

"அப்போ யாரையும் எதுவுமே சொல்லக் கூடாதா?" என்று உடனே கேட்பார்கள். சொல்லலாம். "அந்தப் பந்தை இடது மூலைக்கு உதைத்திருக்க வேண்டும்" என்பது விமர்சனம். அது செயலைப் பற்றிப் பேசுகிறது. கடுமையாக இருந்தாலும் அதில் ஆட்டம் இருக்கிறது. "நீயெல்லாம் ஒரு ஆளா, உன் சாதிக்கு, உன் மூஞ்சிக்கு எதுக்குடா ஜெர்சி" என்பது வசவு. அதில் ஆட்டமே இல்லை, ஆள்தான் இருக்கிறார். "உன் வீடு எங்கே இருக்குன்னு தெரியும்" என்பது மிரட்டல், இது குற்றம். மூன்றையும் "கமெண்ட்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால்தான், வசவைப் பற்றிப் புகார் சொல்லும் வீரர் விமர்சனத்தைத் தாங்க முடியாதவராகத் தெரிகிறார். இந்தக் கட்டுரையில் இணைய வசவு என்று சொல்லும்போது பின்னிரண்டையும் மட்டுமே குறிப்பிடுகிறேன்.

கேலரிக்கு ஒரு வாசல் இருந்தது

வட சென்னைக்குக் குத்துச்சண்டை புதிதல்ல. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று வாத்தியார் வழியாகச் சண்டை பழகிய ஊர் இது. தோற்றவரைப் பார்த்துக் கூட்டம் பேசாத பேச்சில்லை என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சும் வலித்திருக்கும். ஆனால் அதற்கு ஓர் எல்லை இருந்தது. சண்டை முடிந்து விளக்கணைந்தால் கூட்டம் கலையும். திட்டியவரின் முகம் தெரியும். மறுநாள் மார்க்கெட்டில் எதிரே வந்தால் அவரே தோளைத் தட்டிவிட்டுப் போவார். எல்லாவற்றுக்கும் மேலாக, தோற்றவர் வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டால் கேலரி வெளியே நின்றுவிடும். உள்ளே அம்மா இருப்பார், சுடுசோறு இருக்கும், பாய் இருக்கும்.

இன்று கேலரி சட்டைப் பையில் வருகிறது. சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. தூங்கும்போது தலையணைக்குக் கீழே ஒளிர்கிறது. அதில் இருப்பவர்கள் ஆட்டத்தைப் பார்த்தவர்களாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மைதானத்தில் கூச்சலிட்டவர் தொண்டை வலித்தாவது நிறுத்துவார். இதில் ஒருவர் தூங்கப் போகும் நேரத்தில் வேறொரு நாட்டில் இன்னொருவர் விழித்து எழுகிறார்.

இதுவரை சொன்னதன் சாரம்: அழுத்தம் வருவதாலேயே மனநலம் கெடுவதில்லை, மீள்வதற்கு இடமும் நேரமும் இல்லாதபோது கெடுகிறது. இணைய வசவு மற்ற வசவிலிருந்து வேறுபடுவது இங்கேதான். அது மீளும் இடத்துக்குள்ளேயே புகுந்துவிடுகிறது.

உடம்புக்குள் நடப்பது

இரவு பதினொரு மணிக்குச் சந்துக்குள் நுழைகிறீர்கள், தெருநாய் உறுமிக்கொண்டு துரத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். இதயம் அடித்துக்கொள்கிறது, மூச்சு வாங்குகிறது, கை வியர்க்கிறது, கால் தானாக ஓடுகிறது. ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் அட்ரினலின், கார்ட்டிசோல் போன்ற சுரப்புகளை ரத்தத்தில் கலக்கச் செய்து உடம்பைத் தயார்ப்படுத்துகிறது. இதற்கு அழுத்த எதிர்வினை என்று பெயர். வீட்டுக் கேட்டைச் சாத்தியதும் "ஆபத்து கடந்தது" என்று மூளை தீர்மானிக்கிறது. கொஞ்ச நேரத்தில் படபடப்பு அடங்குகிறது. இந்த ஏற்பாடு நம்மைக் காப்பாற்றுவதற்காகவே இருக்கிறது. ரக்பி வீரர் களத்தில் அத்தனை வேகமாக மோத முடிவதும் இதே ஏற்பாட்டால்தான்.

இதே அபாய மணி, எழுத்தில் வரும் ஆபத்துக்கும் அடிக்கிறது. தன் பிள்ளையின் பெயரைக் குறிப்பிட்டு வரும் ஒரு மிரட்டலைப் படிக்கும் தகப்பனுக்கு இதயம் அடித்துக்கொள்ள, எதிரே ஆள் நிற்க வேண்டியதில்லை. 110 கிலோ உடம்புக்கு இதில் எந்தச் சலுகையும் கிடையாது, ஏனென்றால் கழுத்துச் சதை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் மூளையின் மணி எல்லோருக்கும் ஒன்றுதான். மேலும், நாய்க்குச் சாத்திய கேட்டை இதற்குச் சாத்த முடியாது. அனுப்பியவர் அடுத்த தெருவில் இருக்கிறாரா, அடுத்த கண்டத்தில் இருக்கிறாரா, சொன்னதைச் செய்வாரா, வெறும் வாய்ச்சவடாலா என்பது தெரியாதவரை "கடந்தது" என்று மூளையால் தீர்மானிக்க முடிவதில்லை. மணி மெல்லிய ஒலியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. முதலில் தூக்கம் கெடுகிறது. பிறகு எரிச்சல், பசியின்மை, கவனச் சிதறல்.

இதற்கு மேல், நல்லதைவிடக் கெட்டது மனதில் ஆழமாகப் பதியும் இயல்பு ஒன்று எல்லோருக்கும் உண்டு. அதை எதிர்மறைச் சாய்வு என்பார்கள். நூறு பேர் வாழ்த்தியதும் ஒருவர் வைததும் ஒரே நாளில் நடந்தால், இரவில் படுத்தபிறகு எது நினைவுக்கு வரும் என்பது உங்களுக்கே தெரியும். அப்படி நினைவுக்கு வந்ததை மனம் விடாமல் திருப்பித் திருப்பிப் புரட்டுவதை அசைபோடுதல் என்று சொல்லலாம். மாடு அசைபோட்டால் தீனி செரிக்கும். மனம் வசவை அசைபோட்டால் எதுவும் செரிப்பதில்லை; ஒவ்வொரு முறையும் அபாய மணி புதிதாக அடிக்கிறது. ஒருமுறை வந்த வசவு ஐம்பது முறை வந்ததாகிறது.

நான் வார இறுதிகளில் வியாசர்பாடிப் பக்கம் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்க உதவுகிறேன். ஒரு போட்டியில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கடைசி பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டான். யாரோ அதைப் பதினோரு விநாடி ரீலாக, மெதுவோட்டத்தில், பின்னணியில் சிரிப்புச் சத்தம் வைத்துப் போட்டுவிட்டார்கள். மூன்று வாரம் அவன் மைதானத்துக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். வெளிச்சத்தை மிகக் குறைத்து வைத்த கைபேசியில் அதே ரீல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே யார் யார் என்ன எழுதினார்கள் என்பதை வரிசை மாறாமல் ஒப்பித்தான். ஏழாவது ஆள் அவனுடைய வகுப்புத் தோழன். அவன் கேட்டது ஒன்றுதான். "ண்ணா, இது இன்னும் எத்தினி நாளுக்கு ஓடும்?"

ஏச்சு எவ்வளவு கடுமையானது என்று அவன் கேட்கவில்லை, அது எப்போது முடியும் என்று கேட்டான். எத்தனையோ கட்டுரைகளில் படித்ததைவிட அந்தக் கேள்வியில்தான் இந்த விஷயம் எனக்குப் புரிந்தது.

பந்து வராமல் போனால்கூட வலிக்கும்

2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இங்கே பொருந்தும். கணினித் திரையில் மூன்று பேர் பந்தை எறிந்து பிடிக்கும் ஒரு சின்ன விளையாட்டு. சோதனைக்கு வந்தவர் ஒருவர். மற்ற இருவரும் நிஜ ஆட்கள் என்று அவரிடம் சொல்லப்பட்டது, உண்மையில் அவர்கள் கணினிதான். சிறிது நேரத்துக்குப் பிறகு அந்த இருவரும் தங்களுக்குள்ளேயே பந்தை எறிந்துகொள்ள, இவருக்குப் பந்து வருவது நின்றுவிட்டது. அந்த நேரத்தில் இவர் மூளையைப் படமெடுத்துப் பார்த்ததில், உடல் வலியின் வேதனையோடு தொடர்புடைய ஒரு பகுதி கூடுதலாக இயங்கியது. இதை எப்படிப் பொருள்கொள்வது என்பதில் ஆய்வாளர்களிடையே பின்னர் விவாதங்கள் எழுந்தன. கால் முறிவும் மன முறிவும் ஒன்றே என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. ஆனால் முகம் தெரியாத இருவர் ஒரு பொம்மைப் பந்தைத் தராததற்கே மனித மனம் இப்படித் துவள்கிறது என்றால், ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து "நீ எங்களுக்கு வேண்டாம்" என்று எழுதும்போது என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இங்கேதான் 1995 வருகிறது. ஆசிரியராக இருந்துகொண்டு ரக்பி ஆடியவர் சனிக்கிழமை தோற்றாலும் திங்கட்கிழமை வகுப்பறைக்குள் நுழைந்தால் மதிப்புக்குரிய ஆசிரியர். தொழில்முறை வீரர் பள்ளிப் பருவத்திலிருந்தே ஆட்டத்தைத் தவிர வேறொன்றாகத் தன்னை நினைத்துப் பார்த்ததில்லை. "நான் யார்" என்ற கேள்விக்கு ஆட்டத்தையே பதிலாக வைத்திருப்பதை விளையாட்டு அடையாளம் என்று உளவியலாளர்கள் சொல்கிறார்கள். அது உழைக்கத் தூண்டும். பல வெற்றிகளுக்கு அதுவே காரணம். அதே வேளையில், ஒரு மோசமான ஆட்டத்தைப் பற்றிய வசவு அவர் முழு ஆளையும் தாக்கிவிடுகிறது. ஒதுங்கி நிற்க அவருக்கு இன்னொரு திண்ணை இல்லை. பணம் வாங்குகிறவர் தாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறோம். உண்மையில், அதையே பிழைப்பாகக் கொண்டிருப்பதால் அவருக்குத்தான் வசவு அதிகம் உள்ளே இறங்குகிறது.

ஆளுக்கு ஒரு லாரி

எண்ணூர் விரைவு நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்காதவர் எங்கள் பக்கம் இருக்க முடியாது. எந்த ஓட்டுநரைக் கேட்டாலும், "என்னோடது ஒரு வண்டிதானே" என்பார். உண்மைதான், அவருடையது ஒரு வண்டிதான். ஆனால் ஆம்புலன்ஸ் நகர முடியாமல் நிற்பது மொத்த வரிசையில். இணையத்தில் ஒரே ஆளைக் குறிவைத்துக் குறுகிய நேரத்தில் பலர் சேர்ந்து வசைபாடுவதைக் கும்பல் தாக்குதல் என்கிறோம். எழுதுகிறவர் தன் ஒற்றை வரியை மட்டும் பார்க்கிறார். பெறுகிறவர் வரிசை முழுவதையும் பார்க்கிறார். இருவரும் ஒரே நிகழ்வைப் பற்றிப் பேசினாலும் பார்ப்பது வேறு வேறு.

நேரில் வாய் திறக்காதவர்கள்கூட இதில் ஏன் சேர்கிறார்கள்? முகம் தெரியாது, எதிராளியின் கண்ணில் நீர் கோப்பதைப் பார்க்க நேராது, பதில் உடனே வராது. இந்தச் சூழலில் மனிதர்கள் வழக்கமான கூச்சத்தையும் கட்டுப்பாட்டையும் இழக்கிறார்கள் என்பதை ஜான் சூலர் என்ற அமெரிக்க உளவியலாளர் 2004-ல் விரிவாக எழுதினார். இணையவழிக் கட்டுப்பாட்டிழப்பு என்று அதைச் சொல்லலாம். சூதாட்டத்தில் பணத்தை விட்டவர்கள் அந்தக் கோபத்தை வீரர்மேல் கொட்டுவதும் இதில் ஒரு பங்கு.

மற்றொரு காரணம் செயலிகளின் அல்காரிதம், அதாவது யாருக்கு எதை முதலில் காட்டுவது என்று தீர்மானிக்கும் கணக்குமுறை. தண்ணீர் லாரி வரிசையில் இரண்டு பேர் சண்டை போட்டால் பத்துப் பேர் கூடுவார்கள். கூட்டம் கூடுகிறதே என்று ஒரு மைக் செட்காரர் அங்கே ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டால் தெருவே திரண்டுவிடும். அவருக்கு அந்த இருவர்மேல் பகை எதுவும் இல்லை. கூட்டம் சேரும் இடத்தில் ஒலிபெருக்கி வைப்பது அவர் தொழில். அதிகம் பேர் நின்று பார்ப்பதை, பதில் எழுதுவதை, பகிர்வதை மேலே தூக்கிக் காட்டும் அல்காரிதமும் அந்த மைக் செட்காரரைப் போன்றதுதான்.

2023-ல் நடந்தவை

அந்த ஆண்டு பிரான்சில் நடந்த உலகக் கோப்பையின்போது ஃபாரெலின் பெயரை அறிவித்தாலே அரங்கில் பலர் கூச்சலிட்டார்கள். தொடருக்கு முன் வேல்ஸ் அணியுடனான ஆட்டத்தில் அவர் எதிரணி வீரரைச் சாய்க்கப் போட்ட ஒரு பிடிக்குச் சிவப்பு அட்டை கிடைத்து, அது ரத்தாகி, மேல்முறையீட்டில் தடை விதிக்கப்பட்டதில் சர்ச்சை கிளம்பியிருந்தது. தொடரில் இங்கிலாந்து மூன்றாம் இடம் பெற்றது. நவம்பர் 29-ஆம் தேதி, தன்னுடைய மற்றும் தன் குடும்பத்தாருடைய மனநலத்துக்கு முன்னுரிமை தருவதற்காக அவர் ஆறு ஐரோப்பிய நாடுகள் மோதும் 2024 சிக்ஸ் நேஷன்ஸ் தொடரில் நாட்டுக்காக ஆடப்போவதில்லை என்று அவருடைய கிளப்பான சாரசன்ஸ் அறிவித்தது. வசவு ஒன்றுதான் காரணம் என்று அந்த அறிவிப்பு சொல்லவில்லை. நாமும் சொல்லக் கூடாது. ஆனால் "குடும்பத்தாருடைய" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கிளப்புக்காகத் தொடர்ந்து ஆடுவார் என்பதும் அதே அறிவிப்பில் இருந்தது. களத்தை விட்டு அவர் ஓடவில்லை. சுமைகளில் ஒன்றை இறக்கிவைத்தார், கிழிந்த வலையைக் கரையில் விரிப்பதைப் போல. 2025-ல், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்து ஆடும் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணி ஆஸ்திரேலியா சென்றபோது மாற்று வீரராக அழைக்கப்பட்டுப் போனார்.

நடுவர்களுக்கும் இதே கதி. 2023 அக்டோபர் 28-ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கா 12-11 என்று நியூசிலாந்தை வென்றது. நியூசிலாந்து அணித் தலைவர் சாம் கேனுக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்ட ஆட்டம் அது. அதை நடத்திய வேன் பார்ன்ஸ் சில நாட்களில் ஓய்வை அறிவித்தார். தனக்கும் குடும்பத்துக்கும் வந்த மிரட்டல்களைப் பற்றிப் பொதுவெளியில் பேசினார். அதே ஆட்டத்தில் காணொளி நடுவராக இருந்த டாம் ஃபோலி, வசவுகளையும் அழுத்தத்தையும் சுட்டிக்காட்டி, சர்வதேசப் பணியிலிருந்து விலகினார். அந்தத் தொடரில், நடுவர்களைக் குறிவைத்து வரும் பதிவுகளைக் கண்காணித்து அனுப்பியவர்களை அடையாளம் காண்பதற்கு உலக ரக்பி அமைப்பு ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தை அமர்த்தியிருந்தது. 2025 மகளிர் உலகக் கோப்பையில் இந்தப் பாதுகாப்பு வீராங்கனைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது.

வீராங்கனைகளுக்கு அது மிகவும் தேவைப்பட்டது. அவர்களுக்கு வரும் வசவில் பெரும்பாலும் ஆட்டத்தைப் பற்றி எதுவுமே இருப்பதில்லை. தோள் அகலம், எடை, "இது ஆம்பளை" என்பவைதான். அமெரிக்காவின் இலோனா மேஹர் இத்தகைய வார்த்தைகள் தன்னை எப்படி வருத்தின என்பதைக் காணொளியில் அழுதுகொண்டே சொன்னவர். பிறகு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் எழுவர் ரக்பியில் வெண்கலம் வென்ற அணியில் ஆடினார். அழுதவரும் பதக்கம் வென்றவரும் ஒருவரே என்பதை டீக்கடைப் பெரியவருக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

இது வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2021 டி20 உலகக் கோப்பையில் பாகிஸ்தானிடம் தோற்றதும் முகமது ஷமியின் மதத்தை இழுத்துத் திட்டினார்கள். அவருக்கு ஆதரவாகப் பேசிய விராட் கோலியின் கைக்குழந்தையைக் குறிவைத்து மிரட்டல் வந்தது. 2022 ஆசியக் கோப்பையில் ஒரு கேட்சை விட்ட அர்ஷ்தீப் சிங்கையும் இப்படித்தான் வதைத்தார்கள். ஆட்டம் வேறு, நாடு வேறு, வழி ஒன்றுதான்.

போனை அணைத்தால் போதுமா

அணைப்பது உதவும், பல வீரர்கள் ஆட்டநாளில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அது முழுத் தீர்வாகாது. அணியின் செய்தி, விளம்பர ஒப்பந்தம், தூரத்தில் இருக்கும் குடும்பம் எல்லாம் அதே கருவியில்தான் வருகின்றன. அவர் பார்க்காவிட்டாலும் மனைவி பார்ப்பார், அம்மா பார்ப்பார், பிள்ளையின் பள்ளியில் எவனாவது சொல்வான். படிக்காத மிரட்டல் இன்னும் அதிகமாகவும் பயமுறுத்தலாம். பெனால்டியைத் தவறவிட்ட எங்கள் பையன் கைபேசியை ஒருநாள் அம்மாவிடம் கொடுத்துவிட்டான். மறுநாள் டியூஷனில் இன்னொருவன் தன் போனில் போட்டுக் காட்டினான்.

ரக்பியில் தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே வீரரை வெளியே அழைத்துப்போய்ச் சோதிக்கிறார்கள். "நான் நல்லா இருக்கேன்" என்று அவர் சொல்வதை ஏற்பதில்லை; அப்படிச் சொல்லத்தான் செய்வார் என்று தெரிந்தே விதி வகுத்திருக்கிறார்கள். மனம் அடிபட்டதைக் கண்டுபிடிக்க அப்படி ஒரு பழக்கம் இன்னும் ஊன்றவில்லை. அதனால் பக்கத்தில் இருப்பவர்தான் கேட்க வேண்டும். "மனசு சரியில்லையா" என்று கேட்டால் பையன்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். "ராத்திரி தூக்கம் வருதாடா தம்பி? எத்தினி மணிக்கு எழுந்துக்கற?" என்று கேட்டால் பதில் சொல்வார்கள். நான் அன்று மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டது அதைத்தான். மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது என்றான். அதிலிருந்து பேச்சு தொடங்கியது. ரீலைப் போட்டவனைத் திட்டாமல் அழைத்துப் பேசி நீக்க வைத்தோம். பகிரப்பட்டவை நீங்கவில்லை.

நம் ஊரில் செய்யக்கூடியவை

வசவோ மிரட்டலோ வந்தால் முதல் வேலை ஸ்கிரீன்ஷாட் எடுப்பது. அனுப்பியவரின் கணக்குப் பெயர், தேதி, நேரம் மூன்றும் அதில் தெரிய வேண்டும். அதற்குப் பிறகுதான் செயலியில் புகார் அளித்து பிளாக் செய்ய வேண்டும். அவசரத்தில் முதலிலேயே அழித்துவிட்டால் சான்று போய்விடும். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-ல் ரத்து செய்ததால் இணையத்தில் என்ன எழுதினாலும் குற்றமில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. மிரட்டல், பெண்களைப் பின்தொடர்ந்து தொல்லை தருதல் ஆகியவை, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் கீழ் குற்றங்களாகவே இருக்கின்றன. பட்டியலினத்தவர், பழங்குடியினர்மீதான சாதி வசவுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் வீட்டிலிருந்தே புகார் பதியலாம்.

மனதுக்கு உதவி வேண்டுமென்றால், தொலைபேசி வழியாக மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண் இரவும் பகலும் இயங்குகிறது. அழைப்புக்குக் கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். நேரில் போக வேண்டுமென்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. அங்கே போகிற எல்லோரையும் உள்ளே படுக்க வைத்துவிடுவார்கள் என்பது வெறும் பயம். 14416-ஐ அழைக்க யாரும் பெரிய வீரராக இருக்க வேண்டியதில்லை. பெனால்டியைத் தவறவிட்ட பதினைந்து வயதுப் பையனும் அழைக்கலாம். அவனுக்காக அவன் அம்மாவும் அழைக்கலாம்.